வலப்பக்கத்து ஆணி

ஆலடிப்பட்டணத்தில் ஆகாயத்திலிருந்து துண்டுப் பேப்பர் விழுந்த காலத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் பேப்பரைச் சொல்லமாட்டார்கள், முப்பிடாதி வீட்டு இட்லிக் கொப்பரையைத்தான் சொல்லுவார்கள், ஏனென்றால் ஊரையே ஆட்டிவைத்த அந்தக் கூலிங் கிளாஸ்கள் எல்லாம் அந்தக் கொப்பரையில்தான் வெந்து, வளைந்து, நிறம் ஏறி வந்தன. அதற்கப்புறம் அதில் அவித்த இட்லியெல்லாம் கொஞ்ச காலம் நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்தன என்பதையும், அதைத் தின்ற ஒருத்தருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதையும் கேட்காமலே சொல்லுவார்கள்.

முப்பிடாதி பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்குச் சாமான் செய்து கொடுக்கிறவள். ராஜாவுக்குக் கிரீடம், பீமனுக்குக் கதாயுதம், எமனுக்குப் பாசக்கயிறு என்று அட்டையையும் ஜிகினாவையும் பசையையும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தபடியே மூன்று உலகத்துக்கும் தேவையானதைச் செய்துவிடுவாள். அவள் புருஷன் சொரிமுத்து மினி பஸ்ஸில் கண்டக்டர். அது சோற்றுக்குப் பார்த்த வேலை. மனசுக்குப் பார்த்த வேலை நடிகர் அமுதரசன் ரசிகர் மன்றத்தின் செயலாளர் பதவி. இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து அவன் ஒரு விசில் அடித்தால் தியேட்டரில் அடிக்கிற விசில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்குக் கேட்கும், பஸ் ஸ்டாண்டில் அடித்தால் பஸ்ஸே நிற்கும்.

அப்பேர்ப்பட்ட ஆள், போன தீபாவளிக்கு வந்த படத்தின் முதல் காட்சிக்கு, கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றச் சவுக்குக் கம்புச் சாரத்தில் ஏறினான், பால் குடத்தோடு கீழே வந்தான். இடுப்பெலும்பு விட்டுப்போனது. எலும்பு போனதுகூடப் பெரிசில்லை. அவன் அமுதரசனின் மூக்கைப் பிடித்துத் தொங்கியதையும், மூக்கு கையோடு வந்ததையும், பாலில் குளித்தபடி இறங்கியதையும் எவனோ செல்போனில் பிடித்து, அதற்கு டொய்ங் டொய்ங் என்று ஒரு பாட்டும் போட்டு அனுப்பிவிட்டான். அது ஊரெல்லாம் சுற்றி, பம்பாயில் இருக்கிற அவன் சித்தி வரைக்கும் போய், சித்தி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்புறம் அழுதாள்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் சொரிமுத்து வாசற்படியைத் தாண்டவில்லை. கட்டிலிலிருந்து பின்கட்டுக்கு, பின்கட்டிலிருந்து கட்டிலுக்கு, அதோடு சரி. தெருவில் யாராவது சிரிக்கிற சத்தம் கேட்டால், அது ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரித்ததாக இருந்தாலும், போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வான். டாக்டர் முப்பிடாதியைத் தனியாகக் கூப்பிட்டு, "தெருவுல இறங்கி நல்லா நடந்தா பழைய கால் கிடைக்கும்மா, வீட்டுக்குள்ளயே கிடந்தா அந்தக் கால் கட்டையாப் போயிரும்" என்று சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவன் அந்த வாசற்படியைத் தாண்டவேண்டும்.

அப்போதுதான் அமுதரசனின் புதுப்படம் 'தீப்பொறி துரைவேலு' வந்தது. செயலாளர் இல்லாமலே முதல் காட்சி நடந்தது. சொரிமுத்து போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு அந்தப் படத்தின் டிரைலரை ஓயாமல் பார்த்தான். அந்தப் படத்தில் வில்லன் துரைவேலுவின் கூலிங் கிளாஸை மிதித்து உடைத்துவிடுவானாம், துரைவேலு அதைத் தூக்கி எறியாமல், உடைந்த மூட்டில் ஒரு பித்தளை ஆணியை அடித்து, மறுபடி அதையே மாட்டிக்கொண்டு நடந்து வருவானாம், அப்போது தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகுமாம். இதை மருந்துக்கடையில் நின்று கேட்ட முப்பிடாதிக்கு மனசு என்னமோ செய்தது. உடைந்து ஆணி அடித்தது ஒன்றை மாட்டிக்கொண்டு ஒருத்தன் அப்படி நடக்கிறான் என்றால், இவனுக்கும் அதே போல ஒன்று செய்து கொடுத்தால் என்ன, மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கமாட்டானா?

செய்வதென்று முடிவானதும், மாதிரி வேண்டுமே. படத்தைப் போய்ப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து புருஷன் இல்லாமல் ஒரு படமும் பார்த்ததில்லை அவள், இப்போது அவன் கிடக்கிற கிடையில் தனியாகப் போய் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரின் முன்னால் போய் நின்று, வருகிறவர் போகிறவர் என்ன நினைப்பார்கள் என்று பாராமல், அமுதரசனின் முகத்தை நூல் பிடித்து அளந்துகொண்டு வந்தாள். இங்கேதான் ஒரு சின்னத் தப்பு நடந்தது. தியேட்டர் கேட்டுக்கு இரண்டு பக்கத்துச் சுவரிலும் கதாநாயகன் கேட்டைப் பார்த்தே நடந்து வரவேண்டும் என்று ஒரு பக்கத்துப் போஸ்டரைத் திருப்பி அச்சடித்திருந்தார்கள். அப்படித் திருப்பி அடித்ததில் மிஞ்சிய ஒன்றைத்தான் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியிருந்தார்கள், முப்பிடாதி அளந்தது அதை.

பழைய டிவிப் பெட்டி ஒன்றின் முதுகைக் கழற்றினாள். கறுப்பு, கனம், அரம் போட்டால் மெழுகு மாதிரி இழையும். போஸ்டர் அளவை அட்டையில் வெட்டி அதன்மேல் வைத்துக் கோடு கிழித்து, அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேய்த்த தூள் மூக்கில் ஏறித் தும்மி, கொப்பரை ஆவியில் பிடித்து இளக்கி, தன் முட்டிக்காலிலேயே வைத்து வளைத்தாள். தென்காசியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவரிடம் பவர் இல்லாத லென்ஸ் வாங்கி, துணிக்குப் போடுகிற சாயப் பொடியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அதில் முக்கி முக்கி எடுத்தாள். முதலில் தேயிலைத் தண்ணீர் நிறம் வந்தது, அப்புறம் கருப்பட்டிப் பாகு, கடைசியில்தான் போஸ்டரில் கண்ட நன்னாரி நிறம் வந்து நின்றது. மூட்டில், வலக்காதுப் பக்கம், ஒரு பித்தளை ஆணியைச் சூடேற்றி இறக்கினாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்துக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள்.

சொரிமுத்துவின் முகம் மலர்ந்தது. திருப்பிப் பார்த்தான். மலர்ந்தது வாடிவிட்டது.

"ஏட்டி, ஆணி எந்தப் பக்கம் இருக்கு?"

"மூட்டுலதான இருக்கு."

"எந்தப் பக்கத்து மூட்டுல? துரைவேலுக்கு இடப்பக்கம்லா ஆணி! நீ வலப்பக்கம் அடிச்சு வச்சிருக்க."

"எந்தப் பக்கமா இருந்தா என்னங்க, மாட்டிக்கிட்டு ஒரு எட்டு தெருவுல..."

"என்ன பேச்சு பேசுத? செயலாளரே தப்பான கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா ஊரு சிரிக்காதா?" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

முப்பிடாதி கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அந்த நேரம் பார்த்து முருங்கைக்கீரைக் கூடையோடு தங்கபுஷ்பம் வந்தாள். அடுத்த தெருக்காரி, ஊர் முழுக்கக் கீரை விற்கிறவள், கீரையோடு சேர்த்து ஊர்ச் சேதியையும் கட்டுக் கட்டாகக் கொடுக்கிறவள். "ஏளா, இது என்னது, வெயிலுக்குப் போடுததா? கொண்டா, கண்ணு கூசுது" என்று வாங்கி மாட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் ஏற்றி நாலடி எடுத்து வைத்தாள்.

பேப்பர் விழுந்தது. தியேட்டரில் கதாநாயகன் முதல் முதலாக முகம் காட்டும்போது முன்வரிசைக்காரர்கள் கிழித்துப் பறக்கவிடுவார்களே, அதே துண்டுப் பேப்பர், வெள்ளையும் மஞ்சளும் ரோசுமாக, மேகமில்லாத ஆகாயத்திலிருந்து சொரிந்தது. ஆளில்லாத உயரத்திலிருந்து விசில் சத்தமும் கைதட்டலும் கேட்டன. தங்கபுஷ்பம் நின்று நிமிர்ந்து பார்த்து, "எந்த வீட்டுல கல்யாணம்?" என்று கேட்டாள், பதில் வராததால் தனக்குத்தான் என்று புரிந்துகொண்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகி, கூடையை ஒரு கையால் பிடித்து மறு கையை வீசி, தெரு முனை வரைக்கும் துரைவேலு மாதிரியே நடந்து போனாள். அன்றைக்கு அவள் கீரை ஒரு தெரு தாண்டுவதற்குள் விற்றுப்போனது. வாங்கியவர்கள் கீரையை ஆயும்போது பேப்பரையும் சேர்த்து ஆய்ந்தார்கள்.

அதன்பிறகு முப்பிடாதி வீட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை. எல்லாருக்கும் கண்ணாடி வேண்டும். ஊரில் இருந்த செத்துப்போன டிவிகள் எல்லாம் அவள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. வழக்கமாக ஒருத்தரும் ஏறிட்டுப் பாராத கேஸ் சிலிண்டர்க்காரன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான், அவனுக்குப் பேப்பர் விழுந்தது. தபால் கொடுக்கிற பெண்ணுக்கு விழுந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்ட பையன் மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு வரும்போது அவனுக்கும் குறைவில்லாமல் விழுந்தது, அவன் அப்பா ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையாலேயே தட்டினார். மாமியார் வீட்டில் தலை குனிந்தே பழகிய மருமகள்கள் தண்ணீர்க் குடத்தோடு கண்ணாடி மாட்டி வந்தார்கள், குடத்தில் பேப்பர் மிதந்தது. வாய்க்கால் கரைத் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது அவர் மகன்கள் அழுதுகொண்டே வந்து ஒரு கண்ணாடி கேட்டு வாங்கிப்போய் மாட்டிவிட்டார்கள், வாழ்நாளெல்லாம் ஒருவரிடமும் ஒரு நல்ல வார்த்தை வாங்காத அந்த மனுஷன் விசிலும் கைதட்டலுமாகச் சுடுகாடு போய்ச் சேர்ந்தார்.

ஊர் என்றால் தொல்லையும் உண்டு. தெருவெல்லாம் கணுக்கால் அளவுக்குப் பேப்பர். ஆடுகள் மேயப் போகாமல் சந்தில் நின்றபடியே தின்று கொழுத்தன. பேரூராட்சியில் தெருக் கூட்டுகிற மாரித்தாய் ஒருநாள் விளக்குமாற்றைத் தலைவர் செண்பகவல்லியின் மேஜைமேல் வைத்துவிட்டு, "நீங்க எல்லாம் ஹீரோவாவிய, நான் பெருக்கிச் சாவணுமோ?" என்று கேட்டாள். செண்பகவல்லியம்மா யோசித்து ஒரு உத்தரவு போட்டார்: கண்ணாடி மாட்டுகிறவர் தன் பேப்பரைத் தானே பெருக்கவேண்டும். அதோடு மாரித்தாய்க்கு ஒரு கண்ணாடி பேரூராட்சி சார்பில் கொடுக்கவேண்டும். மாரித்தாய் அதை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் நடந்தபோது விழுந்த பேப்பருக்கு அளவில்லை, எதிரே வந்த லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. அவள் விழுந்ததைப் பெருக்கவில்லை. "இன்னைக்குக் கிடக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள், அன்று முழுவதும் ஊர் அதன்மேல் மிதிக்காமல் ஓரமாகவே நடந்தது.

இப்படி ஊரே குளித்துக்கொண்டிருந்த மழையில் நனையாத ஆள் ஒருத்தன்தான். சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். முப்பிடாதி அவனுக்கென்று இன்னொன்று செய்தாள், இந்தத் தடவை ஆணியை இடப்பக்கம் அடித்து. அவன் அதைக் கையில் வாங்கி, நெற்றிக்கு நேரே பிடித்து, "இதுதான்டி" என்றான். அவளுக்குச் சந்தோஷம். ஆனால் தெருவில் இறங்கினால் பேப்பர் விழவேண்டுமே என்று முன்கூட்டியே சோதிப்பதற்காகத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்து நடக்கச் சொன்னாள். ஒன்றும் விழவில்லை. தங்கபுஷ்பம் திரும்பி நடந்தாள், கையை வீசினாள், குதித்தும் பார்த்தாள். ஒரு துணுக்குக்கூட இல்லை. வலப்பக்கத்து ஆணியை மாட்டினாள், கொட்டியது.

ஏன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முடிவெட்டுகிற மந்திரமூர்த்தி சொன்னது மட்டும் கொஞ்சம் கேட்கும்படி இருந்தது: "இடப்பக்கத்து ஆணி படத்துல இருக்கவனுக்கு. நம்ம கடையில முகம் பாக்குத கண்ணாடியில பாத்தா அது வலப்பக்கமாத் தெரியும். அங்க தெரியுதது யாரு? நாமதான." கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "காதுப் பக்கம் கொஞ்சம் குறைச்சு வெட்டும்" என்று வேலையை ஞாபகப்படுத்தினார்கள்.

சொரிமுத்துவுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. "படத்துல உள்ளபடி சரியாச் செஞ்சதுக்கு ஒண்ணுமில்ல, தப்பாச் செஞ்சதுக்குப் பூமாரியா? ஆகாயத்துக்குச் சினிமா தெரியல!" என்று கத்திக்கொண்டு எழுந்தவன், கத்துகிற வேகத்தில் கட்டிலைத் தாண்டி, நடுவீட்டைத் தாண்டி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றது தெரிந்ததும் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான். ஆனால் அடுப்படியிலிருந்து முப்பிடாதி அதைப் பார்த்துவிட்டாள். இத்தனை மாசமாக இவனைத் தாஜா பண்ணி, கெஞ்சி, அழுது எழுப்பப் பார்த்தோமே, இவன் கால் கோபத்திலல்லவா இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது, சேலையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

நேரே போய்த் தங்கபுஷ்பத்திடம் அதைச் சொன்னாள். "அக்கா, யாருக்கும் தெரியக்கூடாது" என்று சேர்த்துச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, முப்பிடாதியும் அதற்காகத்தான் அவளிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முப்பிடாதி வீட்டுக்கு நேர் எதிர்ச் சுவரில் பேரூராட்சி சார்பாக ஒரு படம் வரையும் வேலை தொடங்கியது. 'கண்ணாடி ஊர் ஆலடிப்பட்டணம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று எழுதி, கீழே ஆள் உயரத்துக்குத் துரைவேலுவின் முகம். ஒரு முட்டுச் சந்துக்குள் யாரை வரவேற்கப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் பாதிக்குமேல் வந்து கூடிவிட்டது. ஒருத்தர் முகத்திலும் கண்ணாடி இல்லை, எல்லாரும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பெயிண்டர் ஏணியில் நின்று எல்லாவற்றையும் வரைந்து முடித்து, பித்தளை நிறத்தைத் தூரிகையில் தொட்டு, "ஆணி எந்தப் பக்கம்?" என்று சத்தமாகக் கேட்டான்.

"வலப்பக்கம்!" என்றது கூட்டம்.

"நல்லா தெரியுமா?"

"நான் படம் பாத்தேம்லா," என்றாள் தங்கபுஷ்பம், சன்னலைப் பார்த்து. "வலக்காதுப் பக்கந்தான். கண்ணு அவிஞ்சவனுக்கும் தெரியும்."

சன்னல் கம்பியைப் பிடித்தபடி சொரிமுத்து கத்தினான். "ஏய், இடப்பக்கம்! இடப்பக்கம்!" பெயிண்டர் காதில் கையை வைத்து, "அண்ணே, கேக்கல!" என்றான். தூரிகை வலக்காதை நோக்கிப் போயிற்று. உள்ளே கட்டில் கிறீச்சிடும் சத்தம், கம்பு ஊன்றும் சத்தம், நிலையில் தோள் இடிக்கும் சத்தம். அப்புறம் சொரிமுத்துவின் கால் வாசற்படியைத் தாண்டித் தெருவில் பட்டது.

எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்படி வாசலில் நின்ற முப்பிடாதிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள், விழப்போனால் உட்கார வைக்கலாமென்று.

"நிறுத்துடே! இடப்பக்கம் ஆணி!"

"இல்லண்ணே, வலப்பக்கம்."

"நீ படம் பாத்தியாடே?"

"பாத்தேண்ணே. வலப்பக்கம்." சொல்லிக்கொண்டே பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி ஓரடி பின்னால் போனான். அவனோடு கூட்டமும் ஓரடி பின்னால் போனது. சொரிமுத்து ஓரடி முன்னால் வந்தான். இப்படியாக அன்று ஆலடிப்பட்டணம் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்பக்கமாக நடந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளையும், கடையைச் சாத்தி வந்தவரும் சாத்தாமல் வந்தவரும், எல்லாரும் சொரிமுத்துவின் முகத்தைப் பார்த்தபடி, வலப்பக்கம் வலப்பக்கம் என்று சாதித்தபடி, சாக்கடையில் விழாமல் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, முட்டுச் சந்தை விட்டு வெளியே வந்து, மெயின் ரோட்டைக் கடந்து போனார்கள், அவன் கம்பை ஊன்றி ஊன்றி, ஒவ்வொருவர் பேச்சையும் மறுத்து மறுத்து, வேர்த்து விறுவிறுத்து அவர்கள் முன்னால் வந்துகொண்டிருந்தான். ஒரு தடவைகூட அவன் நாற்காலியைக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்தில் நின்றுவிட்டான். கட்-அவுட் நின்ற இடம் அது. சாரத்துக்குக் குழி தோண்டிய தடம் இன்னும் மண்ணில் இருந்தது. அவன் அந்தக் குழியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், தான் நிற்கிற இடம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. கம்பு வீட்டுப் பக்கம் திரும்பியது. முப்பிடாதி நாற்காலியை இறுக்கிப் பிடித்தபடி, போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

மாரித்தாய் மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் சாதாரணமாகப் பேசுவது போல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். "விடு. படம் பாக்காத மனுசன், தெரியாம என்னமோ பேசுதாவ."

சொரிமுத்து விறைத்தான். "யாரு? நான் தெரியாம பேசுதேனா? அமுதரசன் எந்தப் படத்துல எந்தச் செருப்புப் போட்டாருன்னு சொல்லுவேன், நான் தெரியாம பேசுதேனா? வாங்க, எல்லாரும் வாங்க, தியேட்டருக்கு வாங்க. படத்துலயே காட்டுதேன்!" என்று கம்பை முன்னால் வீசி நடந்தான், இப்போது பின்பக்கமாக ஓடமுடியாமல் ஊர் இரண்டாகப் பிரிந்து வழி விட்டு அவனுக்குப் பின்னால் வரவேண்டியதாகிவிட்டது.

தியேட்டரில் மேட்டினி தொடங்கவில்லை. ஆளாளுக்கு டிக்கெட் எடுத்தார்கள். முப்பிடாதி தனக்கும் அவனுக்குமாக எடுத்துக்கொண்டு வருவதற்குள், சொரிமுத்து வாசல் படிக்கட்டு ஏறி மேலே நின்று திரும்பிப் பார்த்தான். கீழே ஊர் நின்றது. யாரும் இப்போது வலப்பக்கம் என்று சொல்லவில்லை. பெயிண்டர் தூரிகையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். தங்கபுஷ்பம் ஆகாயத்தைப் பார்த்தாள். சொரிமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து தன் பெண்டாட்டி முகத்தில் வந்து நின்றான், அவள் இடுப்பில் இருந்த நாற்காலியைப் பார்த்தான்.

"உங்க எல்லாருக்கும் தெரியும்," என்றான் மெதுவாக. "இடப்பக்கம்னு எல்லாருக்கும் தெரியும்லா?"

அவன் கண்ணாடி மாட்டியிருக்கவில்லை, மற்றவர்களும் மாட்டியிருக்கவில்லை, அதனால் ஆகாயம் தன் பாட்டுக்கு நீலமாகக் கிடந்தது. ஒரு துணுக்குப் பேப்பர் இல்லை. கீரைக்காரிக்கும் சிலிண்டர்க்காரனுக்கும் செத்தவருக்கும் கொட்டிய ஆகாயம் இவனுக்கு மட்டும் கையை விரித்தது. முப்பிடாதிக்குக் கோபம் வந்தது. நீ போடாட்டா போ என்று மேலே பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, நாற்காலியைக் கீழே வைத்து அதன்மேல் ஏறி, கையிலிருந்த இரண்டு டிக்கெட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து அவன் தலைமேல் வீசினாள்.

ஒரு நொடி ஊருக்குப் புரியவில்லை. இத்தனை நாளாக ஆகாயமே செய்து கொடுத்து, கையால் கிழிப்பதே மறந்துபோயிருந்தது. அப்புறம் தங்கபுஷ்பம் கிழித்தாள். மாரித்தாய் கிழித்தாள். பெயிண்டர், கேஸ்காரன், தபால்காரப் பெண், மந்திரமூர்த்தி, செண்பகவல்லியம்மா, எல்லாரும் கையில் இருந்த டிக்கெட்டைக் கிழித்து எறிந்தார்கள், டிக்கெட் தீர்ந்ததும் கடலை மடித்த தாளையும், மருந்துச் சீட்டையும், பஸ் டிக்கெட்டையும் கிழித்து எறிந்தார்கள். விசில் அடிக்க ஆள் வேண்டுமே என்று முப்பிடாதி இரண்டு விரலை வாய்க்குள் வைத்து ஊதினாள், வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தது.

பேப்பர் நடுவே நின்ற சொரிமுத்து அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். "நாக்க மடிடி," என்றான், "நாக்க உள்ள மடிச்சு ஊது." அவள் மடித்து ஊதினாள். நாற்காலியே ஆடுகிற மாதிரி ஒரு விசில் கிளம்பியது. பஸ் ஸ்டாண்டில் புறப்பட்ட மினி பஸ் நின்றது.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற சேவியர் அண்ணாச்சி இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கடைசியில் கூட்டம் அவரை நோக்கித் திரும்பியது. ஒருவர் கையிலும் டிக்கெட் இல்லை.

"கிழிக்கிறதுதான்வே எனக்கு உத்தியோகம்," என்றார் அவர். "அதையும் நீங்களே செஞ்சிட்டிய. இனி எனக்கு இங்க என்ன வேலை?" சொல்லிவிட்டுக் கதவின் இரண்டு பக்கத்தையும் நன்றாகத் தள்ளித் திறந்து, செயலாளர் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

சொரிமுத்து கம்பைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். தலையிலும் சட்டைப் பையிலும் ஒட்டியிருந்த துண்டுகளை முப்பிடாதி தட்டிவிடப் போனாள்.

"இருக்கட்டும்டி," என்றான். "படம் முடியட்டும்."